புதுநன்மை ஓராண்டு தள்ளிப்போன கதை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்த பிறகு என் மகனைப் பங்குத்தந்தையின் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். புதுநன்மை, அதாவது பூசையில் தரும் அப்பமாகிய நற்கருணையை முதன்முறையாக, வாங்கவிருந்த பிள்ளைகளை அவர் ஒவ்வொருவராக அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. விழாவுக்கு ஏழு வாரங்களே இருந்தன. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது, வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும் தைத்து வாங்கி அலமாரியில் மாட்டியிருந்தேன். ஆகவே அந்த நேர்காணலை ஒரு சடங்காகவே எண்ணி, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், திரும்பும் வழியில் காய்கறி வாங்கிவிடலாம் என்ற நினைப்போடு பையையும் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

பங்குத்தந்தை அவனிடம் கடினமாக எதுவும் கேட்கவில்லை. "கடையில வாங்குற அப்பத்துக்கும் பூசையில கொடுக்குற அப்பத்துக்கும் என்ன வித்தியாசம், தம்பி?" என்றுதான் கேட்டார். மகன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அத பெரியவங்களுக்கு மட்டும்தான் கொடுப்பாங்க, ஃபாதர்" என்றான். "ஏன் அப்படி?" என்றார். "தெரியாது ஃபாதர், அம்மா சொல்லல" என்றான். பிறகு ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லச் சொன்னார். "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று வகுப்பில் கேட்டபடி தொடங்கியவன், அடுத்த வரியில் "நாமம் அர்ச்சிக்கப்படுவதாக" என்று என் அம்மா தொலைபேசியில் சொல்லிக்கொடுத்த பழைய வாசகத்துக்குத் தாவி, அதன் பிறகு பள்ளியில் காலைக் கூட்டத்தில் சொல்லும் ஆங்கிலச் செபம் நாக்கில் வர, மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். ஒரே செபத்தின் மூன்று வடிவங்களில் ஒன்றுகூட அவனிடம் முழுதாக இல்லை. மறைக்கல்வி என்னும் ஞாயிறு சமய வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். 31 வகுப்புகளில் அவன் வந்திருந்தவை 12.

"அடுத்த வருசம் வாங்கலாம்மா. பையன்மேல ஒரு குறையும் இல்ல" என்று அவர் மிகவும் மென்மையாகத்தான் சொன்னார். அந்த மென்மைதான் எனக்குத் தாங்கவில்லை. குறை அவன்மேல் இல்லை என்றால் வேறு யார்மேல் என்பது சொல்லாமலே விளங்கியது. வெளியே வந்ததும் அவமானமும் ஆத்திரமுமாக, ஆலயத்துக்கு மண்டபத்தின் அருமை தெரியுமா, ஊரிலிருந்து பயணச்சீட்டு எடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மகன் காதுபடவே புலம்பினேன். இன்று நினைத்தால் மிகவும் வருந்துவது அந்தப் புலம்பலுக்காகத்தான். பங்குத்தந்தையைப் பற்றியோ மறைக்கல்வி ஆசிரியர்களைப் பற்றியோ உங்களுக்கு ஆயிரம் மனக்குறை இருக்கலாம். அதைப் பிள்ளையின் முன்னால் கொட்டாதீர்கள். அன்று நான் பேசிய பேச்சால், அடுத்த இரண்டு மாதங்களுக்கு அவன் அந்த அலுவலகத்தைக் கடந்து போகவே தயங்கினான்.

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். ஒப்பந்தத்துக்கு ஒன்பது மாதம் கடலில். நான் சென்னையின் தென்புறநகரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் எனக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். எட்டு மணிப் பூசை முடிந்ததும் மகனை மறைக்கல்வி வகுப்பு வாசலில் விட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் சந்தைக்குப் போய் வருவேன். சில ஞாயிறுகளில் ஓவியப் போட்டி, சில ஞாயிறுகளில் இந்தித் தேர்வு, சில ஞாயிறுகளில் வெறும் அசதி. கட்டணம் கட்டாத வகுப்பு என்பதாலேயே அதைத் தவறவிட்டால் நட்டமில்லை என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. வகுப்பிலே அவன் கடைசி இருக்கையில் உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்பதும் பின்னர்தான் தெரிந்தது. அவன் படிக்கும் பள்ளியில் இரண்டாம் மொழி இந்தி. தமிழை அவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். மறைக்கல்விப் புத்தகமோ முழுக்கத் தமிழில். ஆசிரியர் வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது தன் முறை வராமலிருக்க அவன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். மூன்று ஆண்டுகளாக ஒரு நாள்கூட அந்தப் புத்தகத்தைத் திறந்து, "இந்த வாரம் என்ன படித்தீர்கள்?" என்று நான் கேட்டதில்லை. நகரத்துப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளைக்குப் புத்தகத்தை வாசிக்க முடிகிறதா, இல்லையா? முடியாவிட்டால் ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வாரம் ஒரு பாடத்தை வீட்டில் நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். பத்து நிமிட வேலைதான்.

பண நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்குக் கொடுத்த 20,000 ரூபாயில் 5,000 திரும்பி வந்தது. சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணம் 10,000 போயிற்று. அழைப்பிதழ் 3,600. உடை 4,800, மறு ஆண்டு அது அவனுக்குப் பொருந்தவில்லை. உறவினர்களின் பயணச்சீட்டு ரத்தானதில் அவரவர்க்கு ஆன செலவு தனி. ஆலயத்தில் பிள்ளையின் பெயர் பட்டியலில் உறுதியாகும்வரை மண்டபம் பேசாதீர்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். ஏழாயிரம் எட்டாயிரத்துக்குள் வீட்டிலேயே கண்ணியமாகச் செய்யக்கூடிய விழா இது என்பது எனக்கு மறு ஆண்டுதான் தெரிந்தது.

அதன் பிறகும் நான் தவறான வழியிலேயே போனேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் தனிப்பயிற்சி வைப்பதுபோல், செபங்கள் சொல்லிக்கொடுக்க மாதம் 1,500 ரூபாய்க்கு ஓர் ஆளை வீட்டுக்கு வரவழைத்தேன். மூன்று மாதத்தில், இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் பெயரும் வரும் நம்பிக்கை அறிக்கைச் செபத்தை அவன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு நாள் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பிலாத்துங்கிறவர் யாரு, நல்லவரா கெட்டவரா?" என்று மகன் கேட்டான். "அதெல்லாம் கேட்க மாட்டாங்க, நீ அடுத்த வரியைச் சொல்லு" என்று பதில் வந்தது. பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். மூன்று ஆண்டுகளில் அவன் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் முன்வரவில்லை. அந்த மாதத்தோடு பயிற்சியை நிறுத்தினேன். அந்த 4,500 ரூபாயையும் சேர்த்தால், என் கைப்பணமாகப் போனது 37,900.

நான் பிறந்தது மணப்பாட்டுக்கு அருகே ஒரு கடற்கரை ஊர். என்னை யாரும் உட்கார வைத்துச் செபம் கற்பித்ததாக எனக்கு நினைவில்லை. மாலையில், செபத்துக்கு அழைக்கும் திரிகால மணி அடித்தால் வலை பின்னுகிறவர்களும் தெருவில் நடந்துபோகிறவர்களும் நின்றுவிடுவார்கள்; நாங்களும் விளையாட்டை விட்டு எழுந்து நிற்போம். உபதேசியார் தாத்தா, மறைக்கல்விக் கேள்வி பதிலான குறிப்பிடம் கேட்பார். கொடியேற்றம், நவநாள், சப்பரம், புனித வெள்ளியன்று தெருவே அமைதியாகக் கிடப்பது என்று எல்லாமாகச் சேர்ந்து எங்களுக்குள் நம்பிக்கையை ஊற்றின. ஊரே கற்பித்ததால், பெற்றோர் தனியாகக் கற்பிக்காதது வெளியே தெரியவில்லை. சென்னையில் நான்காம் மாடியில் மணியோசை கேட்பதில்லை. ஊர் செய்த வேலையையும் சேர்த்து இங்கே பெற்றோரே செய்ய வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு வந்ததுபோல் அவனுக்கும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். ஊரைவிட்டு வந்த என்னைப் போன்ற பலருடைய வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று இப்போது பேசும்போது தெரிகிறது.

எங்கள் மறைக்கல்வி ஆசிரியை ஒருவரிடம், அவரும் ஒரு தாய், ஒரு மாலை மனம்விட்டு அழுதேன். அவர் எனக்குத் திருச்சபைச் சட்டத்தின் 914 ஆம் எண்ணை எடுத்துக் காட்டினார். பகுத்தறியும் வயதை அடைந்த பிள்ளைகளைத் தகுந்தபடி தயாரித்து, முதலில் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தையும் பின்னர் நற்கருணையையும் பெறச் செய்வது யார் கடமை என்று சொல்லும் இடத்தில், முதலில் பெற்றோரையும் அவர்களின் இடத்தில் இருப்போரையும் வைத்து, அடுத்ததாகத்தான் பங்குத்தந்தையை வைத்திருக்கிறார்கள். ஆயத்தமில்லாத பிள்ளை நற்கருணையை அணுகாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பங்குத்தந்தைக்கு அதே எண்தான் தருகிறது. நான் கோபித்துக்கொண்ட மனிதர் தம் கடமையைச் செய்திருந்தார். அவருக்கு முன்னால் எழுதப்பட்டிருந்த நான்தான் செய்யவில்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கிறித்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையும் பெற்றோரையே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்கிறது. இவை எனக்குப் புதிய செய்திகள். ஆனால் ஒரு காலத்தில் நானே வாய்திறந்து ஏற்றுக்கொண்டவை. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானச் சடங்கின் தொடக்கத்தில், பிள்ளையை நம்பிக்கையில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்கள் என்பதை உணர்ந்திருக்கிறீர்களா என்று குரு பெற்றோரைக் கேட்பார். நானும் என் கணவரும் "ஆம்" என்றுதான் சொன்னோம். வீடியோ எடுப்பவர் தலையை நிமிர்த்தச் சொல்ல, பிள்ளை வீறிட்டு அழ, அந்த அமளியில் சொன்ன "ஆம்" அது. சடங்கில் பாஸ்கா திரியிலிருந்து ஏற்றித் தந்த மெழுகுதிரியைத் தேடினேன். துணி அலமாரியின் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், நடுவில் ஒடிந்து, திரிநூல் மட்டும் இரு துண்டையும் பிடித்துக்கொண்டிருக்கக் கிடந்தது.

அந்த வாரம் வீட்டில் குடும்பச் செபத்தைத் தொடங்கினேன். முதல் நாள் ஆர்வத்தில் 53 மணிச் செபமாலை முழுவதையும் சொல்ல வைத்தேன். மூன்றாம் நாள் மகன் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். நீளத்தைக் குறைத்தேன். இரவு எட்டரைக்கு, சாப்பாட்டுக்கு முன், கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம். செபமாலையில் பத்து மணிகள் மட்டும், ஒரு சிறு விவிலியப் பகுதி, அன்று நடந்த ஒரு நல்லதற்கு நன்றி, அன்று செய்த ஒரு தவறுக்கு மன்னிப்பு. நான் என் அலுவலகத்தில் ஒருவரிடம் எரிந்து விழுந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்ட நாளன்றுதான், அவன் தங்கையின் வண்ணப் பென்சிலை ஒடித்து மறைத்துவைத்ததைச் சொன்னான். பெற்றோர் முதலில் வாய்திறக்காமல் பிள்ளை திறக்காது. செபத்தின் வாசகத்தையும் ஒன்றாக்கினோம். ஆலயத்தில் இப்போது சொல்லும் வடிவத்தை மட்டுமே வீட்டிலும் சொல்வது என்று முடிவு செய்து, என் அம்மாவிடமும் பணிவாகக் கேட்டுக்கொண்டேன். "எனக்கு வாயில பழசுதான் வரும் மக்கா, ஆனா பிள்ளைக்காகப் படிச்சுக்கிடுதேன்" என்று எழுபது வயதில் அவர் புதிய வாசகத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். தாத்தா பாட்டி ஒரு வடிவம், வகுப்பு ஒரு வடிவம், பள்ளி ஒரு வடிவம் என்று இருக்கும் வீடுகள் ஏராளம். எதையாவது ஒன்றை முதலில் நிலைநிறுத்திவிட்டு மற்றவற்றைப் பின்னர் அறிமுகப்படுத்துங்கள்.

சனிக்கிழமை இரவுகளில் மறுநாள் பூசையின் நற்செய்தியை வாசிப்போம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால் எந்த ஞாயிறுக்கு எந்தப் பகுதி என்பது திருவழிபாட்டு நாட்காட்டியிலேயே இருக்கும், தேட வேண்டியதில்லை. நான் கதைசொல்லி, மகன் இயேசு, தங்கை கூட்டத்து மக்கள். இப்படி வாசித்தே அவனுடைய தமிழ் ஆறு மாதத்தில் தேறியது. பூசையில் தூணுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு முன்வரிசைக்குப் போனோம். பீடம் கண்ணுக்குத் தெரியாத பிள்ளை ஆலயத்தில் பார்ப்பதெல்லாம் பெரியவர்களின் முதுகைத்தான். முன்னால் போன முதல் ஞாயிறே, "இப்ப ஏன் மணி அடிக்கிறாங்க? ஏன் அத ரெண்டாப் பிட்டாரு?" என்று காதோடு கேட்கத் தொடங்கினான். சிலவற்றுக்குப் பதில் தெரிந்தது. தெரியாதவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஆசிரியையிடம் கேட்டு, புதன்கிழமைக்குள் அவனுக்குச் சொன்னேன். தெரியாத கேள்விக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்காதீர்கள். கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னால், சொன்னபடி கேட்டும் சொல்லுங்கள்.

மிகக் கடினமாக இருந்தது ஒப்புரவு அருட்சாதனத்துக்கு அவனை ஆயத்தப்படுத்தியதுதான். அவனுக்கு அதைக் குறித்து அளவுகடந்த பயம். காரணம் நானே. குறும்பு செய்யும்போதெல்லாம், "இதையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியிருக்கும், பார்த்துக்கொள்" என்று மிரட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கிடைக்கும் இடத்தைக் காவல் நிலையம்போல் காட்டிவிட்டேன். "ஃபாதர் உங்ககிட்ட சொல்லிடுவாரா?" என்று இரவு படுக்கையில் கேட்டான். அங்கே கேட்டதை யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியிடக்கூடாது, தாய் கேட்டாலும் சொல்லமாட்டார் என்று விளக்கினேன். அவன் நம்பவில்லை. "நீங்க எப்பம்மா போனீங்க?" என்றான். ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு சனிக்கிழமை அவனை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நான் வரிசையில் நின்றேன். முழந்தாளிட்டபோது கால் நடுங்கியது, சொல்ல வேண்டிய முறையே மறந்திருந்தது, குரு ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அழுதீங்களா? திட்டினாரா?" என்றான். "திட்டல, நிம்மதியா இருக்கு" என்றேன். அதற்கு மேல் நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை.

சான்றிதழைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு நாள் விடுப்பும் போகவர இரயில் கட்டணமும் போயின. எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் பிரசவம் தாய்வீட்டில் நடந்ததால் திருமுழுக்குப் பதிவு என் ஊர் ஆலயத்தில் இருந்தது. பதிவேட்டில் பெயர் புனிதரின் பெயர். பள்ளியிலும் ஆதாரிலும் வேறு பெயர். இரண்டும் ஒரே பிள்ளைதான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழையும் எங்கள் திருமணச் சான்றையும் எடுத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய், பதிவேட்டைப் பார்த்து, சான்றிதழ் வாங்கி வந்தேன். உறுதிபூசுதலும் திருமணமும் பின்னாளில் அந்தத் திருமுழுக்குப் பதிவேட்டில்தான் குறிக்கப்படும் என்பதால், எந்த ஆலயம், எந்த ஆண்டு, பதிவு எண் என்ன என்பதைப் பிள்ளை சிறியதாக இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; பெயர் வேறுபாடு இருந்தால் அப்போதே பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள். அந்தப் பயணத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. திருமுழுக்கில் அவனுக்குத் துணைநின்ற ஞானத்தாயைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்தேன். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்வதோடு தம் பொறுப்பு முடிந்ததாக அவரும் எண்ணியிருந்தார். இப்போது சனிக்கிழமைதோறும் அவனை அழைத்துப் பேசுகிறார். கணவர் கப்பலில் இணைய வசதி கிடைக்கும் நாட்களில் எட்டரை மணிச் செபத்தில் சேர்ந்துகொள்கிறார். பாதியில் தொடர்பு அறுந்தாலும் அவர் தொடங்கிய மணியை நாங்கள் முடிப்போம். தொலைவில் இருக்கும் தந்தையின் குரல் ஒரு "அருள் நிறைந்த மரியே" அளவுக்காவது வீட்டில் கேட்கட்டும்.

எங்கள் கடற்கரைக்கு 1542 இல் வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கிக்கொண்டு, சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்து, வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பியதை அவரே 1544 இல் எழுதிய மடலில் சொல்லியிருக்கிறார். அந்த மக்களுக்குப் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் 1578 இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமும் ஒரு மறைக்கல்வி நூல்தான். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம். இதை மகனுக்குச் சொன்னபோது, "அப்போ சின்னப் பசங்கதான் அம்மா அப்பாவுக்கு டீச்சரா?" என்று கண்ணை விரித்தான். அன்றிலிருந்து வகுப்பில் படித்ததை எனக்குக் கற்பிப்பது அவன் வேலையாயிற்று. ஞாயிறு சந்தையைச் சனி மாலைக்கு மாற்றிவிட்டு, அந்த ஒரு மணி நேரம் வகுப்புக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். வந்ததும் பாடம் நடக்கும்.

மறு ஆண்டு நேர்காணலில் பங்குத்தந்தை என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை, வெளியிலேயே இருந்தேன். புதுநன்மை விழா அன்று ஒடிந்த மெழுகுதிரியின் மேல்பாதியை ஒரு தாங்கியில் பொருத்திக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அவன் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தான். வெள்ளைச் சட்டை 900 ரூபாய். வீட்டில் 18 பேருக்குச் சாப்பாடு, 5,400 ரூபாய். மாமியார் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே அடுக்களைக்கு வந்து மீன் குழம்பு வைத்தார்.

அவன் நற்கருணை பெற்றுத் திரும்பி வந்து முழந்தாளிட்டு எழுந்தபோது, ஐந்து வயதுத் தங்கை அவன் கையைப் பிடித்து இழுத்து, "எனக்கு ஏன் தரல? நீயும் சின்னப் பையன்தானே?" என்று கேட்டாள். நான் வாய்திறக்கும் முன்பே அவன் குனிந்து அவள் காதோடு சொன்னான்: "பாக்கத்தான் அப்பம் மாதிரி இருக்கும், ஆனா அது இயேசு. அது உனக்குப் புரியும்போது தருவாங்க. நான் உனக்குச் சொல்லித் தர்றேன்."